பள்ளியில், கல்லூரியில் சாதியும் பாலினமும் பார்த்து ஒதுக்கினால்: புகாரை எழுதுவது முதல் பின்தொடர்வது வரை

அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கல்விக்கூடங்களில் நடக்கும் ஒதுக்கலைப் பற்றி என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு மனு கொடுத்து, "விசாரித்ததில் அவ்வாறு எதுவும் நடைபெறவில்லை எனத் தெரியவருகிறது" என்ற ஒரு வரிப் பதிலோடு வருபவர்கள். அந்த முதல் மனுவை வாங்கிப் பார்த்தால், "என் பிள்ளையிடம் சாதி பார்க்கிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. எந்த நாள், எந்த வகுப்பு, யார், என்ன சொன்னார், யார் கேட்டார்கள் என்பது எதுவுமே இல்லாத மனுவை விசாரிக்க வரும் அலுவலருக்குத் தலைமையாசிரியரின் அறையில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவது எளிதாகிவிடுகிறது. வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் நிகழ்ச்சி நடந்த அன்றிரவு வீட்டில் எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் போகும், குறிப்பில்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாள் எழுத வேண்டியது

பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும்போது குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்க வேண்டும். "நீ என்ன செய்தாய்?" என்று நாம் முதலில் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பாதியாகத்தான் வரும். கேட்டு முடித்த பிறகு ஒரு நோட்டில் தேதி, கிழமை, எத்தனையாவது பாடவேளை, இடம், அங்கிருந்தவர்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, சொல்லப்பட்ட சொற்களைச் சொன்னபடியே எழுதுங்கள். "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று நாகரிகமாகச் சுருக்குவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. எழுதக் கை கூசும் சொல்லானாலும், நீதிமன்றத்தில் குற்றத்தை நிறுவப்போவது அந்தச் சொல்தான். அதை மனுவில் எழுதுவதால் எழுதியவருக்கு எந்த இழுக்கும் இல்லை.

ஒரு தாய் தன் மகனின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பென்சிலில், கோணல் எழுத்தில், ஆறு தேதிகள் இருந்தன. ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் "குடம்" என்று மட்டும் எழுதியிருந்தது. பையனைக் கேட்டபோது, வகுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தில் அவனும் இன்னும் இரண்டு பேரும் தாங்களே மொண்டு குடிக்கக் கூடாது, வேறொருவன் ஊற்ற அவர்கள் கையேந்திக் குடிக்க வேண்டும் என்று வகுப்புத் தலைவன் வைத்த வழக்கத்தை ஆசிரியை பார்த்தும் பேசாமல் இருந்த நாள்கள் அவை என்று சொன்னான். அந்த ஆறு தேதிகளையும், உடனிருந்த இருவரின் பெற்றோரையும் சேர்த்து எழுதிய இரண்டாவது மனுவுக்கு, முதல் மனுவுக்கு வந்த அதே பதிலை எழுத அந்த அலுவலகத்தால் முடியவில்லை.

ஆதாரம் என்றவுடன் காணொளியை நினைப்பவர்கள் அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வெழுதியதை அவளுடைய தாயே செல்பேசியில் பதிவு செய்தார். பட்டியலினக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் சிறுமிக்கு நேர்ந்ததில் சாதி எவ்வளவு, தீட்டு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம், பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையும் மனு எழுதுபவருக்கு இல்லை. முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவானது. ஆனால் பதிவு செய்வது வேறு, அதை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது வேறு. குற்றத்தால் பாதிக்கப்பட்ட சிறார் இன்னார் என்பதை ஊடகத்தில் வெளிப்படுத்துவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும், பாலியல் குற்றமாயின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் தடை செய்கின்றன. பதிவை இரண்டு இடங்களில் சேமித்து வைத்துக்கொண்டு, அலுவலரிடமும் காவல்துறையிடமும் மட்டும் கொடுங்கள்.

எந்தச் சட்டம் எதற்கு

மனுவில் சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பிரிவைத் தேர்வது காவல்துறையின் வேலை. இருந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்ய ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அரசு வேற்றுமை காட்டக் கூடாது என்பது அரசமைப்பின் 15-ஆவது உறுப்பு. தீண்டாமையை ஒழித்து, அதை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றமாக்கியது 17-ஆவது உறுப்பு. ஆறு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகளுக்கு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும். அதன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இந்தப் பிரிவு எந்தச் சாதிப் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதால் இதைப் பலர் கவனிக்காமல் விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதால், அத்தகைய பள்ளி என்றால் இச்சட்டத்தை மட்டும் நம்பி மனு எழுதிவிடக் கூடாது.

பிள்ளை பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்ததாக இருந்து, இழைத்தவர் அவ்விரு பிரிவுகளையும் சேராதவராக இருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். பொதுப் பார்வையில் உள்ள இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், பொதுக் குழாயிலோ கிணற்றிலோ தண்ணீர் எடுப்பதைத் தடுப்பதும், கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும் அதன் 3-ஆவது பிரிவில் தனித்தனிக் குற்றங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. இங்கே "பொதுப் பார்வை" என்ற சொல்லில்தான் பல வழக்குகள் தடுக்கி விழுகின்றன. பொதுமக்கள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் சொன்ன சொல் இந்தக் குற்றத்தில் அடங்காது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே தலைமையாசிரியர் அறையில் திட்டியதாக எழுதும்போது கதவு திறந்திருந்ததா, வாசலில் யார் நின்றார்கள், வராந்தாவில் யாருக்குக் கேட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். "அந்தப் பையன் என்ன சாதியென்றே எனக்குத் தெரியாது" என்று ஆசிரியர் சொல்வது வழக்கமான மறுப்பு. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ அவருக்கு நேரடியாகத் தெரியும் என்று நிறுவினால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ளும் என 8-ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டாக அவர் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறார், உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதை எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் சட்டப்படி பட்டியல் சாதியில் வராததால் இச்சட்டம் அவர்களுக்குப் பயன்படாது. ஊரும் பள்ளியும் அவர்களைப் பழைய கண்ணோடு பார்ப்பது மாறவில்லை என்பது வேறு கொடுமை. அவர்களும், பிற்படுத்தப்பட்ட வகுப்புக்குள்ளேயே கீழாக நடத்தப்படும் சமூகத்தாரும், கல்வி உரிமைச் சட்டத்தையும் கல்வித் துறையின் ஒழுங்கு நடவடிக்கையையுமே முதன்மையாக நாட வேண்டியிருக்கும்.

பாலினம் காரணமான ஒதுக்கலில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெண் பிள்ளைகளை மட்டும் வகுப்பறை கூட்டச் சொல்வது, கணினி ஆய்வகத்தில் பையன்களுக்குப் பின்னால் நிற்க வைப்பது, மாதவிடாய் நாள்களில் தனியே உட்கார வைப்பது போன்றவை முதல் வகை. இவற்றுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்தாக எழுப்புவதும், கல்வி அலுவலருக்கும் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுவதும் பெரும்பாலும் போதுமானவை. எல்லாவற்றுக்கும் காவல் நிலையம் ஓடுவது பிள்ளையைத்தான் களைப்பாக்கும். திருநர் மாணவர்களைக் கல்வி நிலையங்கள் வேற்றுமையாக நடத்துவதை 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது.

இரண்டாவது வகை பாலியல் சீண்டல். பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் நடந்தால் அது போக்சோ. அங்கே பள்ளியின் "உள் விசாரணை" முடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே 21-ஆவது பிரிவின்படி குற்றம், நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ அவள் விரும்பும் இடத்திலேயோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண், பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் பெண் உள் புகார்க் குழுவுக்கு எழுத வேண்டும். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. தேர்வு முடியட்டும், மதிப்பெண் வரட்டும் என்று தள்ளிப்போட்டே இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனுவின் நடை

மனு ஒரு பக்கத்துக்குள், அதிகம் போனால் ஒன்றரைப் பக்கத்துக்குள் முடிய வேண்டும். பெறுநர், அனுப்புநர், பொருள் எழுதிய பிறகு, சமூக நீதி வரலாற்றையெல்லாம் கொண்டுவராமல் நேராக நிகழ்ச்சிக்குப் போய்விடுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"என் மகள் தங்கள் ஆளுகைக்குட்பட்ட இப்பள்ளியில் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறாள். நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் (சாதிச் சான்றிதழ் நகல் இணைப்பு 1). இம்மாதம் 4-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், வகுப்பில் மாணவர்கள் அனைவரும் இருக்கும்போது, வகுப்பாசிரியர் என் மகளையும் மேலும் இரு மாணவிகளையும் மட்டும் பெயர் சொல்லி எழுப்பி, கழிப்பறையைக் கழுவிவிட்டு வருமாறு கூறினார். என் மகள் தயங்கியபோது அவர் கூறிய சொற்கள் பின்வருமாறு. பிற சாதி மாணவிகள் எவரும் இவ்வேலைக்கு அனுப்பப்படவில்லை. அன்றிரவு நான் எழுதிய குறிப்பின் நகல் இணைப்பு 2. உடன் அனுப்பப்பட்ட மாணவியரின் பெற்றோர் இருவரும் இம்மனுவில் கையொப்பமிட்டுள்ளனர்."

இதில் ஒரு பெயரடைகூடக் கிடையாது. "கொடூரமான", "மனிதத்தன்மையற்ற" போன்ற சொற்களை எழுதியவர் நெஞ்சம் ஆறலாமே தவிர, விசாரிப்பவருக்கு அவற்றால் எந்த வேலையும் ஏற்படாது. ஆனால் "பிற சாதி மாணவிகள் எவரும் இவ்வேலைக்கு அனுப்பப்படவில்லை" என்ற வரி, பணிச்சுற்றுப் பட்டியலைக் காட்டும்படி பள்ளியைக் கேட்க வைக்கும். வேற்றுமை காட்டியதாகச் சொல்லும் எந்த மனுவிலும் இந்த ஒப்பீடு இருந்தே ஆக வேண்டும். இது கற்பனையான எடுத்துக்காட்டும் அல்ல. பட்டியலின மாணவர்களைக் கொண்டு கழிப்பறையைக் கழுவ வைத்ததாக 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார்.

கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்று திட்டமாகக் கேளுங்கள். விசாரணை முடியும் வரை அந்த ஆசிரியரை அவ்வகுப்பிலிருந்து மாற்றுவது, பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பாதிருப்பது, விசாரணையின்போது பெற்றோர் உடனிருப்பது ஆகிய மூன்றையும் நான் எப்போதும் எழுதுகிறேன். "டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்" என்பது பள்ளிகள் எடுக்கும் முதல் ஆயுதம். தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு.

யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

தலைமையாசிரியருக்கு முகவரியிட்டு, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பலாம். தனியார் பள்ளிகளுக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். தலைமையாசிரியர் மீதே புகார் என்றால் நேராக மேலே போக வேண்டும். நேரில் கொடுப்பவர் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்காமல் திரும்பக் கூடாது. "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் மறுத்து வாதிட வேண்டாம், அன்றே அஞ்சலகம் போய் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அந்த எண் பின்னால் மிகவும் பயன்படும். பிள்ளை தனியாகத் தவிக்கும் அவசர நேரத்துக்கு 1098 என்ற சிறார் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம், சாதி வன்கொடுமைக்கு 14566-உம் உள்ளன. அழைத்த நேரத்தையும் அவர்கள் தரும் பதிவெண்ணையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

காவல் நிலையத்தில் நடப்பது தனிக் கதை. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, "விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்பார்கள். அந்த ரசீது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி, எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன்னால் முதல்கட்ட விசாரணை தேவையில்லை. நிலையத்தில் பதிய மறுத்தால், அச்சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 5-ஆவது விதிப்படி புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். வழக்கைத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே விசாரிக்க வேண்டும், அறுபது நாளுக்குள் முடிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4-ஆவது பிரிவில் தண்டனையும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இன்றி இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதால் வழக்கறிஞர் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது.

இழைத்தவன் சக மாணவன் என்றால் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபோது, அது ஒரே நாளில் முளைத்த பகை அல்ல என்பதும், பள்ளியில் நெடுநாளாக நடந்த தொல்லையைப் பற்றிய புகாரே அதற்கு முன்னோடி என்பதும் தெரியவந்தது. அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடை செய்வது போன்றவற்றை அது பரிந்துரைத்தது. இத்தகைய நிலையில் மனுவின் குறி அந்தச் சிறுவனாக இருப்பதைவிட, பார்த்தும் தடுக்காத பள்ளியாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. அதோடு, பிள்ளைக்கு அச்சுறுத்தல் இருக்கிறது என்பதையும், அவன் வந்து போகும் வழியையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் பாதுகாப்புக் கேட்டுத் தனிப் பத்தியே எழுத வேண்டும். புகார் கொடுத்த பிறகு வரும் முதல் இரண்டு வாரங்கள்தாம் அபாயமானவை.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

உயர்கல்வி நிறுவனங்களில் சாதி, மதம், இனம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவை காரணமான வேற்றுமையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. சம வாய்ப்பு மையமும், வேற்றுமைத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும், புகாரை அறுபது நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னாலும், பல கல்லூரிகளில் அந்த அலுவலர் யாரென்று அவருக்கே தெரியாது. ஐதராபாத்தில் 2016-இலும் மும்பையில் 2019-இலும் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, மருத்துவ மாணவி பாயல் தட்வி ஆகியோரின் தாய்மார்கள் உச்ச நீதிமன்றத்தை நாடியதே இந்த விதிமுறைகள் காகிதத்தில் கிடக்கின்றன என்று சொல்லித்தான். இவை மாறக்கூடியவை என்பதால், புகார் கொடுக்கும் நாளில் நடைமுறையில் இருப்பது எது என்று மானியக் குழுவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லூரி மாணவர்கள் எதிர்கொள்வது பெரும்பாலும் நேரடி வசை அல்ல. அகமதிப்பீட்டு மதிப்பெண், நேர்முகத் தேர்வு, ஆய்வு நெறியாளர் கையொப்பத்தைத் தள்ளிப்போடுவது ஆகியவற்றின் வழியாகவே அது நடக்கும். இதற்கு ஒப்பீடு ஒன்றே ஆதாரம். எழுத்துத் தேர்வில் ஒரே அளவு மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அகமதிப்பீட்டில் எவ்வளவு போடப்பட்டது, எத்தனை நாளில் மற்றவர்களின் அத்தியாயங்கள் திருத்தித் தரப்பட்டன என்ற பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நெறியாளரிடம் நேரில் பேசிய ஒவ்வொரு முறையும், "இன்று தாங்கள் கூறியபடி மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி இணைத்துள்ளேன்" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சேரும் அந்த அஞ்சல்கள்தாம் பின்னாளில் பேசும்.

கொடுத்த பிறகு

மனு கொடுத்து முப்பது நாளாகியும் பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்விகளை அனுப்புங்கள். இந்த எண்ணுள்ள என் மனு எந்தத் தேதியில் யாரிடம் போனது, அவர் எடுத்த நடவடிக்கை என்ன, விசாரணை அறிக்கையின் நகல் எங்கே. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றாலோ, மறுபடியும் "அவ்வாறு எதுவும் நடைபெறவில்லை" என்ற அறிக்கைதான் வந்தாலோ, அந்த அறிக்கையில் எந்த மாணவர்கள் விசாரிக்கப்பட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். நீங்கள் பெயர் கொடுத்த மூவரில் ஒருவரையும் கூப்பிடவில்லை என்பது தெரிந்தால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்துக்கும் எழுதும் அடுத்த மனுவின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.